பிரித்துப் பார்த்து அறிந்த பெருமகன்

பூட்டி வைத்த பொன்னும் பகிராத அறிவும் பிறர்க்குப் பயன்படுவதில்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் கோவை தந்த விஞ்ஞானி ஜி. டி. நாயுடு ஆவார். அவரது வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகிறோம்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏட்டுப் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. இளமையிலேயே பள்ளியை விட்டார். ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். அது எவ்வாறு ஓடுகிறது என்று அறியும் ஆவல் எழுந்தது. கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். அதன் உறுப்புகளைக் கழற்றினார்; ஆராய்ந்தார்; மீண்டும் பூட்டினார். அவ்வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

1920ஆம் ஆண்டு ஒரே பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். அதுவே யு. எம். எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவதை உருவாக்கினார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று 1941இல் அறிவித்தார். சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி எனப் பலவும் கண்டார். 1945இல் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்றத் துணை நின்றார். 1952இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் கார் செய்தார். அரசின் அனுமதி கிடைக்காமையால் அது நின்றுபோயிற்று. 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாறு இன்று நமக்கு எதற்கு? கொல்லிமலையில் வாழும் எங்களுக்குக் கைப்பேசி பழுதானால், 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும்; தந்தையின் ஒரு நாள் கூலி போய்விடும். கீழே சென்றாலோ, இந்த மாடலுக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டது, புதியது வாங்குங்கள் என்கிறார்கள். உடல் நலமாயிருந்தும் அதன் உள்ளம் பூட்டப்பட்டுவிட்டது! செய்தவர்க்கு ஊதியம் வேண்டும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பொருளை விற்றபின் அதன் சாவியை மட்டும் அவர்களே வைத்துக்கொள்வது முறையாகுமா?

இதற்கு மாற்றாக வந்ததே கட்டற்ற மென்பொருள். அதனை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஒரு நிறுவனம் கைவிட்டாலும் அறிந்தவர் கூடி அதனை வாழவைக்கலாம். சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் அவ்வகையினது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் அதுவும் இடம்பெற்றது.

அன்புத் தோழியரே! பொருளை வாங்கும்போது விலையை மட்டும் கேளாதீர். பழுதானால் பிரிக்க இயலுமா, எத்தனை ஆண்டு ஆதரவு உண்டு என்றும் கேளுங்கள். திருப்புலி நாட்டுப் பெண்களாகிய நம் கையில் ஒரு திருப்புளியும் இருக்கட்டும்!