பயந்த தாய், புனிதரான தாய்: ஜியன்னா பெரெட்டா மோல்லா



ஒருநாள் மாலைத் திருப்பலி முடிந்ததும் நிறைமாதக் கர்ப்பிணியான ஓர் இளம்பெண் தம் மாமியாருடன் ஆசீர் பெற வந்தார். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் கடந்துவிட்டது. இரத்த அழுத்தமும் கூடியிருந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேர்த்து, மருந்து கொடுத்து வலி வரவழைக்கப் போவதாகவும், வலி சரியாக வராவிட்டால் ஆபரேஷன் என்றும் சொல்லியிருந்தார்கள். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. தினமும் செபமாலை சொல்கிறவள் இப்படிப் பயப்படலாமா என்று மாமியார் அன்போடுதான் கடிந்துகொண்டார். அப்போது அந்தப் பெண் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பயப்படுவது விசுவாசக் குறைவா என்று கேட்டார்.

நாம் அவர் தலையில் கைவைத்துச் செபித்தோம். தைரியமாகப் போய் வரும்படி சொல்லி அனுப்பினோம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை என்பது அன்றிரவு படுக்கப் போனபோதுதான் நமக்கு உறைத்தது. இரண்டு நாள் கழித்துத் தாயும் சேயும் நலம் என்று செய்தி வந்தது; இறைவனுக்கு நன்றி சொன்னோம். ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கான பதிலை, நம் காலத்துக்கு அருகில் வாழ்ந்த ஒரு தாயின் வாழ்விலிருந்து தேடிப் பார்ப்போம். அவர்தான் இத்தாலி நாட்டுப் புனிதர் ஜியன்னா பெரெட்டா மோல்லா.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஜியன்னா பிள்ளை பெற்ற ஏழாம் நாள் இறந்துபோனவர். பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் இவருடைய கதையைச் சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் அவர் எப்படி இறந்தார் என்பதை மட்டும் பேசிவிட்டு, அந்த நாள்களை எப்படி வாழ்ந்தார் என்பதை நாம் பேசாமல் விட்டுவிடுகிறோம். பயந்திருக்கும் தாய்க்குத் தேவையானது இந்த இரண்டாவது பகுதிதான்.

மருத்துவராக வாழ்ந்தவர்

வடஇத்தாலியில் மிலான் நகருக்கு அருகிலுள்ள மஜெந்தா என்ற ஊரில் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஜியன்னா பிறந்தார். ஆல்பர்ட்டோ பெரெட்டா, மரியா தம்பதியருக்குப் பிறந்த 13 பிள்ளைகளில் அவர் பத்தாவது பிள்ளை. 1942-இல் ஒரே ஆண்டில் தாயையும் தந்தையையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிறைவாகவில்லை. இழப்பு என்றால் என்ன என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

மருத்துவம் படித்து 1949-இல் பட்டம் பெற்றார். 1950-இல் மெசேரோ என்ற சிற்றூரில் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். பிறகு குழந்தை மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் பெற்றார். ஏழைகளிடம் காசு வாங்காமல் மருத்துவம் பார்த்தார். அவருடைய அண்ணன் ஒருவர் மருத்துவராகவும் கப்புச்சின் சபைக் குருவாகவும் பிரேசில் நாட்டில் பணியாற்றினார். சகோதரி வர்ஜீனியா மருத்துவம் படித்துக் கனோசா சபைத் துறவியாகி நம் இந்திய நாட்டுக்கு மறைபணியாற்ற வந்தவர். ஜியன்னாவும் பிரேசிலுக்குப் போக ஆசைப்பட்டார். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. வெகுநாள் செபித்து, தம் அழைத்தல் இல்லற வாழ்வே என்று தெளிந்தார்.

1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பியெத்ரோ மோல்லா என்ற பொறியாளரை மணந்தார். 1956-இல் மகன் பியெர்லூயிஜி, 1957-இல் மகள் மரியோலினா, 1959-இல் மகள் லாவ்ரா என மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தக் கர்ப்ப காலங்கள் எளிதானவையாக இருக்கவில்லை. அதன்பின் இருமுறை கரு கலைந்தது. இவ்வளவுக்கும் நடுவில் மருத்துவப் பணியை அவர் விடவில்லை. பனிச்சறுக்கு விளையாட்டும் மலையேற்றமும் இசைக் கச்சேரியும் அவருக்குப் பிடித்தமானவை. தாமே கார் ஓட்டிப் போவார். வாழ்க்கையை மிகவும் நேசித்த பெண் அவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கடினமான எட்டு மாதங்கள்

1961-இல் மீண்டும் கருவுற்றார். இரண்டாம் மாத இறுதியில் வயிற்றில் வலி வந்தது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி ஒன்று வளர்ந்திருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கர்ப்பப்பையையே அகற்றிவிடலாம், கட்டியை எடுத்துக் கருவையும் கலைத்துவிடலாம், அல்லது கருவைத் தொடாமல் கட்டியை மட்டும் எடுக்கலாம். மூன்றாவது வழியில் தாய்க்கு ஆபத்து அதிகம். தாயின் உயிரைக் காக்க நோயுற்ற கர்ப்பப்பையை அகற்ற நேர்ந்து, அதனால் குழந்தையை இழக்க வேண்டி வந்தாலும், அது குழந்தையைக் கொல்லும் நோக்கத்தோடு செய்யப்படுவதல்ல என்பதால் திருச்சபையின் ஒழுக்கவியல் அதைத் தவறென்று சொல்வதில்லை. இது அவருக்கும் தெரியும். இருந்தும் மூன்றாவது வழியையே அவர் தெரிந்துகொண்டார். செப்டம்பர் 6-ஆம் நாள் மோன்சா நகர மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. குழந்தை பிழைத்தது.

அதன்பிறகு ஏறக்குறைய எட்டு மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவர் என்பதால், தையல் போட்ட கர்ப்பப்பையில் குழந்தை வளர வளர என்னென்ன நேரலாம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவருக்கு ஒரு பயம் என்றால், தெரிந்தவருக்கு ஒன்பது பயம். குழந்தை நோயோடும் வேதனையோடும் பிறந்துவிடுமோ என்ற கவலை அவரை வாட்டியது. அப்படி நேராதிருக்க வேண்டும் என்று கடவுளிடம் மன்றாடினார். புனிதராக உயர்த்தப்பட்டவருக்கும் கவலை இருந்தது என்பதை இங்கே கவனிப்போம்.

அந்தக் கவலையோடு அவர் எப்படி வாழ்ந்தார்? பிள்ளைகளைக் கவனித்தார். தம்மிடம் வந்த நோயாளிகளைப் பார்த்தார். வெளிநாடு சென்ற கணவரிடம் பாரிஸ் நகரத்து உடை அலங்காரப் பத்திரிகைகளை வாங்கிவரச் சொன்னார். பிரசவம் முடிந்து நலமானால் தைத்துக்கொள்ளலாம் என்று விரும்பிய உடைகளை அவற்றில் குறித்து வைத்தார். சாவைத் தேடிப் போகிறவர் புதுத்துணிக்குக் குறிப்பு எழுதி வைப்பாரா? அதே நாள்களில் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் ஒவ்வோர் அலமாரியையும் ஒழுங்குபடுத்தினார். நெடும்பயணம் புறப்படுகிறவரைப் போல அவர் அதைச் செய்ததாகவும், ஏன் என்று கேட்கத் தமக்குத் துணிவு வரவில்லை என்றும் பியெத்ரோ பின்னாளில் நினைவுகூர்ந்தார். நம்பிக்கையும் பயமும் அந்த ஒரே உள்ளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பேறுகாலம் நெருங்கியபோது, இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால் குழந்தையையே காப்பாற்ற வேண்டும் என்று கணவரிடம் உறுதியாகச் சொல்லிவைத்தார்.

புனித வெள்ளியன்று

1962-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், புனித வெள்ளியன்று, மோன்சா மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய நிலையில் இயல்பான வழியில் குழந்தை பிறப்பதே ஆபத்துக் குறைவானது என்று கருதி, மருத்துவர்கள் வலியை வரவழைத்துப் பார்த்தார்கள். நேரம் போனதே தவிர, பிள்ளை பிறக்கவில்லை. மறுநாள், புனித சனி காலையில், அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். நாலரை கிலோ எடையில் ஆரோக்கியமான பெண் குழந்தை பிறந்தது. ஜியன்னா இமானுவேலா என்று பெயரிட்டார்கள்.

சில மணி நேரத்தில் தாயின் நிலை மோசமானது. வயிற்றறையின் உட்சவ்வில் கிருமித் தொற்று பரவிக் கடும் வேதனை தந்தது. எவ்வளவோ சிகிச்சை அளித்தும் பயனில்லை. ஏப்ரல் 28-ஆம் நாள் விடியற்காலையில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று காலை தம் 39-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த சனிக்கிழமை அது.

பியெத்ரோ நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். மரியோலினா 1964-இல் இறந்துபோனாள். அந்தத் தந்தையின் சிலுவை சிறியதல்ல. 1994-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஜியன்னாவை அருளாளராகவும், 2004-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் புனிதராகவும் உயர்த்தினார். அந்தத் திருப்பலியில் தொண்ணூறு வயதைக் கடந்த பியெத்ரோவும் பிள்ளைகளும் பங்கேற்றார்கள். அன்று பிறந்த ஜியன்னா இமானுவேலாவும் மருத்துவராகி, 2010-இல் தந்தை இறக்கும்வரை அவரைக் கவனித்துக்கொண்டார். அருளாளர் நிலைக்கும் புனிதர் நிலைக்கும் ஏற்கப்பட்ட இரண்டு புதுமைகளுமே பிரேசில் நாட்டுத் தாய்மார்களுக்கு நடந்தவை. ஒருவர் 1977-இல் பிள்ளைப்பேற்றுக்குப் பின் வந்த கடும் பாதிப்பிலிருந்து குணமானார். மற்றவருக்கு நான்காம் மாதத்திலேயே பனிக்குட நீர் முழுவதும் வெளியேறிவிட்டது. ஆனாலும் 2000-ஆம் ஆண்டில் அவர் உயிருள்ள குழந்தையைப் பெற்றெடுத்தார்.

நமக்குத் தரும் பாடம்

முதலாவது, பயம் பாவமல்ல. கெத்சமனி தோட்டத்தில் நம் ஆண்டவரே திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார். வியர்வை இரத்தத் துளிகளாக விழும் அளவுக்கு அவர் வேதனைப்பட்டதாக லூக்கா நற்செய்தியில் படிக்கிறோம். அவரிடம் விசுவாசக் குறைவு என்று சொல்வோமா? பயத்தை மறைக்காமல் தந்தையிடம் சொன்னார்; நண்பர்களைத் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். பயந்திருக்கும் பெண்ணுக்கு நாம் சொல்ல வேண்டியது பயப்படாதே என்பதல்ல. நாங்கள் உன்னோடு விழித்திருக்கிறோம் என்பதே.

இரண்டாவது, மருத்துவமும் செபமும் பகையல்ல. ஜியன்னா மருத்துவர்கள் செய்த எல்லா முயற்சிக்கும் தம்மைக் கையளித்தார். வலி வரவழைப்பது என்று மருத்துவர் சொன்னால், ஏன் இப்போது, எந்த முறையில், எவ்வளவு நேரம் ஆகலாம், வலி வராவிட்டால் அடுத்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய் இளகாதிருந்தால் முதலில் ஜெல்லோ மாத்திரையோ வைப்பார்கள், அல்லது சிறு பலூன் வைப்பார்கள். அதன்பின் தேவைப்பட்டால் டிரிப்சில் ஆக்சிடோசின் மருந்தை ஏற்றுவார்கள். ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். நேரம் ஆகிறது என்பதாலேயே ஏதோ தவறாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கடைசியில் சிசேரியன் ஆனால் அது தாயின் தோல்வியுமல்ல, செபத்தின் தோல்வியுமல்ல. ஜியன்னா இமானுவேலா இந்த உலகத்தைப் பார்த்ததும் அந்த வழியில்தான்.

மூன்றாவது, பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று தாயை மறந்துவிடக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, அதிக இரத்தப்போக்கு, துர்நாற்றம் இவற்றில் எது இருந்தாலும் பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஜியன்னாவின் உயிரைக் கொண்டுபோனது தொற்றுதான். இன்று அதைச் சீக்கிரம் கண்டறியவும் குணப்படுத்தவும் அன்றைவிட வழிகள் அதிகம் உண்டு.

நான்காவது, கணவர்மாருக்கு ஒரு வார்த்தை. பியெத்ரோவைப் போலக் கேட்கத் துணிவில்லாமல் நாமும் மௌனமாக இருந்துவிடுகிறோம். மனைவி இரவில் தூங்காமல் படுத்திருந்தால் என்ன பயம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்பதே பாதிச் சுமையை இறக்கிவைக்கும்.

பிரசவத்தில் பேராபத்து என்று மருத்துவர் சொல்லும் நிலையில் இருப்பவர்கள் பங்குத்தந்தையிடம் நோயில்பூசுதல் அருள்சாதனத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடுவோம். அது நோயுற்றோருக்குத் திடமும் ஆறுதலும் தரும் அருள்சாதனம்.

அந்த இளம்பெண் மீண்டும் அதே கேள்வியோடு வந்தால் இப்போது பதில் சொல்வோம். மகளே, பயம் விசுவாசக் குறைவு அல்ல. புனித ஜியன்னாவும் கவலையோடுதான் அந்த மருத்துவமனை வாசலைத் தாண்டினார். பயத்தை வெளியே விட்டுவிட்டு வா என்று ஆண்டவர் யாரையும் கேட்பதில்லை. அதையும் கையில் எடுத்துக்கொண்டு வா என்றுதான் அழைக்கிறார்.

ஏப்ரல் 28-ஆம் நாள் புனித ஜியன்னாவின் திருவிழா. அந்த நாளில் மட்டுமல்ல, இன்றிரவு ஏதோ ஒரு பிரசவ வார்டில் கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருக்கும் ஒவ்வொரு தாய்க்காகவும், வெளியே வராந்தாவில் காத்திருக்கும் அவர்கள் குடும்பத்துக்காகவும், அவர்களுக்குப் பணிசெய்யும் மருத்துவர்கள், செவிலியர்களுக்காகவும் இப்புனிதரின் பரிந்துரையை நாடி மன்றாடுவோம். இறைவன் தாயையும் சேயையும் காத்தருள்வாராக. ஆமென்.