மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 - மே 6, 1952) இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். பிறப்பு முதல் 24 வயது வரையான வளர்ச்சியை ஒரே தொடராகக் கண்டு கல்வித் திட்டம் வகுத்தவர். மழலையர் கல்விக்காகவே பெரிதும் அறியப்படும் இவரது திட்டத்தின் முக்கிய பகுதியொன்று தமிழ்நாட்டின் கோடைக்கானலில் உருப்பெற்றது.

தொடக்க வாழ்க்கை

கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்த இவர் 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கு குழந்தைகள் பொருட்களைத் தாமே தேர்ந்தெடுத்துக் கையாண்டு கற்றனர். 1929 இல் பன்னாட்டு மாண்ட்டிசோரி சங்கம் நிறுவப்பட்டது. முசோலினி அரசுடன் முரண்பட்டு 1934 இல் இத்தாலியை விட்டு வெளியேறினார்.

இந்தியாவில்

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின் பேரில் 1939 இல் மகன் மாரியோவுடன் சென்னை வந்து, அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி வகுப்பை நடத்தினார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பிரித்தானிய இந்திய அரசின் பார்வையில் எதிரி நாட்டினர் ஆயினர். மாரியோ முகாமில் அடைக்கப்பட்டார். மரியா சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. மரியாவின் 70 ஆவது பிறந்தநாளையொட்டி மாரியோ விடுவிக்கப்பட்டார். எனினும் போர் முடியும்வரை அவர்களால் நாடு திரும்ப இயலவில்லை.

1942 முதல் 1944 வரை இருவரும் கோடைக்கானலில் தங்கினர். அங்கு இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னவின் துணையுடன் பல வயதுப் பிள்ளைகள் பயிலும் பள்ளி நடைபெற்றது. மலையின் செடிகளும் உயிரினங்களுமே பாடப்பொருளாயின. அண்டம், புவி, உயிர்கள், மனித நாகரிகம் ஆகியவற்றை ஒரே கதையாக இணைக்கும் பேரண்டக் கல்வி இங்கு விரிவடைந்தது.

கல்வித் திட்டம்

இவர் வளர்ச்சியை நான்கு பருவங்களாகப் பிரித்தார்:

* 0 - 6: புலன், இயக்கம், மொழி ஆகியவற்றின் வளர்ச்சி.
* 6 - 12: கற்பனையும் காரணம் தேடும் ஆர்வமும், பேரண்டக் கல்விக்குரிய பருவம்.
* 12 - 18: பண்ணையில் சேர்ந்து வாழ்ந்து, உழைத்து, விளைபொருட்களை விற்றுச் சமூக வாழ்வைப் பயிலுதல்.
* 18 - 24: உயர்கல்வியும் சமூகப் பொறுப்பும்.

இறுதிக்காலம்

1946 இல் ஐரோப்பா திரும்பிய இவர், மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பயிற்சியளித்தார். இந்திய விரிவுரைகளிலிருந்து உருவான இவரது நூல்களுள் சில சென்னையிலேயே வெளியாயின. அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு பெறவில்லை. நெதர்லாந்தின் நோர்ட்வைக் நகரில் காலமானார். இன்றும் பல இடங்களில் இவரது பெயர் மழலையர் பள்ளியோடு நின்றுவிடுகிறது. இவர் வகுத்த திட்டத்தில் அது முதற்படி மட்டுமே.