படத்தில் இருந்த டாக்டரம்மா

இந்தச் சுவரிதழுக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதி வரச் சொன்னார் எங்கள் தமிழம்மா. காந்தி, காமராசர், கலாம் எல்லாரையும் மற்றவர்கள் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். நான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்தேன். அதுக்குக் காரணம் என் அப்பத்தா. அதைக் கடைசியில் சொல்றேன்.

அவர் 1886 ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது அது தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி, கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். வயசுக்கு வந்த பெண்ணை வீட்டோடு நிறுத்திவிடும் காலம் அது. இவரோ வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணினார். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அத்தனை பையன்களுக்கு நடுவில் ஒரே ஒரு பொண்ணு! பையன்கள் வரிசையில் உட்காரச் சொன்னாலே நாம என்ன பாடுபடுத்துறோம், நினைச்சுப் பாருங்க.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டர் ஆனார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாராம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

சென்னை சட்டசபையில் முதல் பெண் உறுப்பினர் ஆனது, அதன் துணைத் தலைவர் ஆனது, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியது, அவ்வை இல்லம் தொடங்கியது எல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறோம். அதனால் இங்கே விரிவாக எழுதவில்லை.

ஆஸ்பத்திரிக் கதைக்கு வருவோம். இவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். தானே டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கம் அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது. அந்த நோய் வந்தால் அவ்வளவுதான் என்று ஜனங்கள் நம்பிய காலம். தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று இவர் கேட்டபோது உதவி லேசில் கிடைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டராகி, வெளிநாடு போய் இந்த நோய்க்கான வைத்தியத்தைப் படித்துவிட்டு வந்தார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. எத்தனை படுக்கை தெரியுமா? வெறும் 12! அப்போது அவருக்கு வயது 67. என் அப்பத்தாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான். 1968-இல் இறக்கும் வரை அந்த ஆஸ்பத்திரி நினைப்பாகவே இருந்தார்.

இப்போ அப்பத்தா விஷயம். அவங்களுக்கு மார்பில் ஒரு கட்டி. எட்டு மாசமா யார்கிட்டயும் சொல்லலை. ஆம்பளை டாக்டர் பார்ப்பாரே என்ற கூச்சம். குடம் தூக்க முடியாமல் கை வலித்ததை அம்மா கவனித்து, திட்டி அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். அரசு மருத்துவமனையில் அன்று மாலை போட்டு ஒரு படம் வைத்திருந்தார்கள். ஜூலை 30-ஐ நம் மாநிலத்தில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுவதை நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். படத்தில் இருந்தது இவர்தான். உள்ளே அப்பத்தாவைப் பார்த்ததும் ஒரு பெண் டாக்டர். அப்பத்தான் அவங்க முகம் தெளிஞ்சது.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்னும் மாத்திரை சாப்பிடுறாங்க, செக்கப்புக்குப் போறாங்க.

உங்க வீட்டுக்கும் உதவும் என்று சில விஷயம் எழுதுகிறேன். மார்புக் கட்டி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இரண்டுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள். எங்கே போவது என்று புரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். அவசரத்துக்கு 108. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலேயே மகப்பேறு உதவித் திட்டம் இருக்கு. மொத்தம் 18,000 ரூபாய். அதுக்கு 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும். எங்க சித்தி இதைத் தெரியாமல் தள்ளிப்போட இருந்தார், நான்தான் சொன்னேன்.

எழுதி முடித்து அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். எட்டு மாசம் மறைச்சதை எதுக்குடி எழுதினேன்னு முதலில் கோபம். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, எதிர்வீட்டு அத்தைக்கும் ஒருதரம் படிச்சுக் காட்டு என்றார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி