விஷத்தைக் காட்டிக் கொடுத்த பாதரசத் துளி

பளிங்கு போன்ற தண்ணீரிலும் ஈயம் கலந்திருக்கலாம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அந்த விஷத்தை மின்சாரத்தால் கண்டுபிடிக்க வழி காட்டியவர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி.

1890-ஆம் ஆண்டு பிராக் நகரில் பிறந்தார். தந்தை சட்டப் பேராசிரியர். மகனுக்கோ ரசாயனத்தில் மோகம். 1918-இல் டாக்டர் பட்டப் பரீட்சையின்போது, பேராசிரியர் கூச்சேரா பாதரசத் துளிகளைப் பற்றிய புதிர் ஒன்றை அவரிடம் கூறினார். நுண்குழாயிலிருந்து சொட்டும் துளிகளைச் சலியாமல் எடை போட்டுப் பார்த்தார் ஹெய்ரோவ்ஸ்கி. விடை கிட்டவில்லை. பிறகு, துளியின் வழியே பாயும் மின்சாரத்தையே அளந்தார்.

1922-இல் பலன் கிடைத்தது. மின்அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது, கரைசலிலுள்ள ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய அழுத்தத்தில் மின்னோட்டத்தை உயர்த்தியது. எந்த அழுத்தம் என்பது உலோகத்தின் பெயரைச் சொன்னது. எவ்வளவு உயர்வு என்பது அதன் அளவைச் சொன்னது. துளிக்குத் துளி பரப்பு புதிதாவதால் பழைய கசடு குறுக்கிடவில்லை.

1925-இல் ஜப்பானியர் ஷிகாடாவுடன் சேர்ந்து, அளவுகளைத் தானே பதிவு செய்யும் 'போலரோகிராப்' கருவியை வெளியிட்டார். நோபல் பரிசு வந்ததோ 1959-இல்தான்! 1967-இல் காலமானார்.

பாதரசமும் விஷமே. ஆகவே இன்று கரி, தங்க மின்முனைகள் பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆற்று நீரில் மருந்து எச்சங்களைத் தேடும் சிறு கருவிகளிலும் வேலை செய்வது அவர் கண்ட தத்துவமே.