மூன்றாவது துவாரத்தின் கதை

மீரியபெத்தயில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில். கொஸ்லந்தைக்கு அருகே இருந்த அந்தத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர் தப்பியவர்களில் பலர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நீண்டகாலம் தங்கியிருந்து, பின்னர் பூனாகலைப் பக்கம் மாகல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். யுத்தம் முடிந்து வன்னிக்குத் திரும்பியவர்களுக்கும் இப்படிப் புதுவீடு புகுந்த நாள் ஒன்று உண்டு. உள்ளே கால் வைத்ததும் எவரும் முதலில் செய்வது சுவிச்சைத் தட்டிப் பார்ப்பதுதான்.

அந்த வீட்டில் பிளக் பொயின்ட் உடைந்து, மாற்றுவதற்குக் கடைக்குப் போனால் இன்று சதுர முள் செருகும் 13 அம்பியர் வகையைத்தான் தருவார்கள். நாம் பழகிய உருண்டை முள் வகைகளுக்குப் பதிலாக இதையே நாட்டின் ஒரே தரமாக்க இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2016இல் முடிவுசெய்தது. பழைய வகைகளின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை அதன் பிறகு வந்தது.

இந்தச் சதுர முள் பிறந்ததும் யுத்தத்துக்குள்தான். அதை வடிவமைக்கக் கூடிய குழுவில் ஒரேயொரு பெண் இருந்தார். அவர் கரோலின் ஹஸ்லெட்.

1895 ஓகஸ்ட் 17ஆம் திகதி இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வேர்த் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை ரயில் சமிக்ஞைகளைப் பராமரிக்கும் தொழிலாளி. கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். மகள் லண்டனுக்குச் சென்று செயலாளர் வேலைக்குப் பயின்றார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட போராட்டத்திலும் சேர்ந்தார். கொதிகலன் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் அலுவலக வேலை கிடைத்தது. முதலாம் உலக யுத்தம் மூண்டு ஆண்கள் களத்துக்குப் போனபோது, அலுவலக மேசையை விட்டுத் தொழிற்சாலைப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஸ்கொட்லாந்தின் அன்னான் நகரில் அடிப்படைப் பொறியியல் பயிற்சி பெற்றார்.

யுத்தம் முடிந்ததும் தொழிற்சாலைகளில் இருந்த பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். யுத்தகாலத்தில் குடும்பத்தையும் ஊரையும் தாங்கிய பெண்கள் சமாதானம் வந்ததும் ஓரங்கட்டப்படுவது எந்த நாட்டுக்கும் புதிதல்ல. அதை எதிர்த்து 1919இல் பெண் பொறியியலாளர் சங்கம் உருவானபோது, அதன் முதல் செயலாளர் ஆனார் ஹஸ்லெட். அப்போது அவருக்கு வயது 23. சங்கத்தின் சஞ்சிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1924இல், பெண்களுக்கான மின்சாரச் சங்கம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநரும் அவர்தான். விறகும் கரியும் சுமந்து, புகையில் கண் எரிந்து, துணி துவைத்தே முடிந்துபோகும் ஒரு பெண்ணின் நாளை மின்சாரத்தால் குறைக்க முடியும் என்று அவர் நம்பினார். ஆனால் புதுப் பொருட்களை வாங்கச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. பியூஸ் மாற்றுவது, பிளக்குக்கு வயர் பூட்டுவது, மீற்றர் வாசிப்பது ஆகியவற்றைச் சங்கம் சாதாரணப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பெண்களுக்கான மின்சாரக் கைநூல் ஒன்றை அவர் 1934இல் தொகுத்து வெளியிட்டார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மனியின் குண்டுகள் பிரித்தானிய நகரங்களில் ஏராளமான வீடுகளை இடித்தன. யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, நாளை கட்டப்போகும் வீடுகளில் மின்சார இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க 1942இல் ஒரு குழு கூடியது. சுமார் இருபது பேரில் ஹஸ்லெட் மட்டுமே பெண்.

குழுவுக்கு முன்னால் இருந்த பெரிய பிரச்சினை செம்புத் தட்டுப்பாடு. குறைந்த வயரில் கூடுதல் பொயின்ட்கள் வேண்டும். பிரதான பலகையில் தொடங்கி வீட்டைச் சுற்றி வந்து மீண்டும் அங்கேயே முடியும் வளையச் சுற்று அதற்கு வழியானது. ஒரே சுற்றில் பல பொருட்கள் இயங்குவதால், ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனித்தனி பியூஸ் வைக்கப்பட்டது.

செலவையும் செம்பையும் பற்றிய பேச்சுக்கு நடுவே, தரையில் தவழும் பிள்ளையின் விரலையும் நினைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவராக ஹஸ்லெட் நினைவுகூரப்படுகிறார். 1944இல் வெளியான குழுவின் அறிக்கை, சிறுபிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பொயின்ட்டின் துவாரங்கள் மூடியிருக்க வேண்டும் என்றது. 1947இல் அதுவே பிரித்தானியாவின் தரமாகியது. மேலே உள்ள ஏர்த் முள் மற்ற இரண்டையும் விட நீளம். அது முதலில் உள்ளே போய் மூடியைத் திறந்தால்தான் மின் பாயும் துவாரங்கள் இரண்டும் திறக்கும். பிள்ளை கம்பியையோ ஆணியையோ கீழ்த் துவாரத்தில் வைத்தாலும் மூடி தடுக்கும்.

அதே 1947இல் ஹஸ்லெட்டுக்கு அரச கௌரவமும், பிரித்தானிய மின்சார அதிகார சபையின் முதல் பெண் உறுப்பினர் பதவியும் கிடைத்தன. மின் நிலையங்களுக்கு நிலக்கரி ஏற்றிய கப்பல் ஒன்றுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். 1957 ஜனவரி 4ஆம் திகதி அவர் காலமானார். தன் உடலை மின்சாரத்தால் தகனம் செய்யவேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். அப்படியே செய்தார்கள்.

இனி நம் வீட்டுச் சுவருக்கு வருவோம். இரண்டு முள் போன் சார்ஜரைச் செருக, பேனாவையோ ஈர்க்கையோ மேல் துவாரத்தில் குத்தி மூடியைத் திறக்காத வீடு நம்மிடையே குறைவு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் அடுத்த நாள் அதையே செய்யும். பழைய பொயின்ட்டைக் கழற்றிப் புதியதைப் பூட்டும்போது ஏர்த் வயரை இணைக்காமல் விட்டுவிடும் இடங்களும் உண்டு. அப்போது அந்த நீளமான முள் மூடியை மட்டும் திறக்கும். கேத்தலிலோ அயன் பெட்டியிலோ மின் கசிந்தால் காப்பாற்றாது. ஆகவே, பொயின்ட் மாற்றும் நாளில் பிரதான சுவிச்சை நிறுத்தவேண்டும், தெரிந்த மின்னியலாளரை அழைக்கவேண்டும், ஏர்த் இருக்கிறதா என்றும் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும். போனுக்கு ஒரு மூன்று முள் சார்ஜரோ அடப்டரோ போதும்.

இடிந்த வீடுகளை மீண்டும் கட்டும்போது, அவற்றில் வாழப்போகிறவர்களுக்காகப் பேச அந்தக் குழுவில் ஓர் ஆளாவது இருந்தார். மலையகத்திலும் வன்னியிலும் நமக்குக் கட்டித் தரப்பட்ட வீடுகளின் வரைபடம் மேசைக்கு வந்தபோது, அந்த வீட்டில் சமைக்கப்போகும் பெண்ணை, தவழப்போகும் பிள்ளையை நினைத்துப் பேச எத்தனை பேர் இருந்தார்கள்? இனிமேல் வரும் வீட்டுத் திட்டங்களிலாவது இதை நாம் முன்கூட்டியே கேட்கவேண்டும்.