வெள்ளைச் சேலையில் ஒரு வெண்கலக் குரல்

நூற்றாண்டு மலருக்கு இசையுலகப் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு சங்கத்தினர் கேட்டபோது, எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். நிலாவெளியில் கோயில் திருவிழா என்றால் விடியற்காலையில் ஒலிபெருக்கி வழியே எங்களை எழுப்பிய குரல்களில் அவருடையதும் ஒன்று. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் சகோதரிகளும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் குரலை அறிந்த பலர் அதற்குரியவரின் வாழ்வை அறியவில்லை.

காவேரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் அவர். வறுமை காரணமாகச் சிறுவயதில் ரயிலில் பாடிப் பொருள் ஈட்டினார். அந்தப் பாட்டே அவரை நாடக மேடைக்குக் கொண்டு சென்றது. அக்காலத்து நாடகம் இன்றைய வசன நாடகம் அல்ல. கதை முழுவதையும் பாட்டே சுமந்து செல்லும். ஐரோப்பாவின் ஒப்பரா மேடையில் சொப்ரானோ பாடகிக்கு எந்த இடமோ, நமது இசை நாடகத்தில் 'ஸ்திரீபார்ட்' பாடகிக்கு அந்த இடம்.

ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர வேண்டும். சாதாரணமாகப் பேசும்போதே ஒரு பெண்ணின் குரல்நாண்கள் செக்கனுக்கு ஏறத்தாழ இருநூறு தடவை அதிர்கின்றன. சுருதி ஏற ஏற அதிர்வும் ஏறும். மூச்சைக் கட்டியாளத் தெரியாதவருக்குத் தொண்டை கட்டிவிடும், அல்லது சொல் சிதையும். சுந்தராம்பாளின் சிறப்பு, உச்சத்தில் நின்றபோதும் சொல் சிதையாததுதான். எழுத்தறியாத பாட்டிமாரும் அவர் பாடிய ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக் கொண்டார்கள். அவரை வியந்து 'எட்டுக் கட்டைக் குரல்' என்பார்கள். ஆர்மோனியத்தில் ஏழு கட்டைக்குப் பின் மீண்டும் முதற்கட்டைதான் வரும் என்பதை அறிந்தவர்களும் மனமுவந்து சொன்ன உபசாரம் அது.

அவருடைய வாழ்வின் திருப்பம் நம் நாட்டில்தான் நிகழ்ந்தது. 1926இல் நாடகம் நடிக்கக் கொழும்புக்கு வந்த இடத்தில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் வள்ளி திருமணத்தில் சேர்ந்து நடித்தார். இருவரும் ஒருவரையொருவர் விஞ்சிப் பாடுவதைக் கேட்கவே சனம் திரண்டது. அடுத்த ஆண்டு மணம் புரிந்தார்கள். கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மனைவி இருந்தார்; இல்வாழ்வில் இனிமையை விடக் கசப்பே மிகுந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றிலிருந்து வெள்ளைச் சேலையே அவரது உடை. ஆண்களோடு சோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். கைம்பெண் மூலையில் ஒடுங்க வேண்டிய காலம் அது. அவரோ கதர் உடுத்து, காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாட்டுப் பாடினார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமாகிய நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபா. அந்நாளில் எவரும் கேட்டிராத தொகை. அந்தப் படத்தைக் கல்கி ஆனந்த விகடனில் கடுமையாகக் கேலி செய்தார். மனிதரை விட மரமும் மிருகமும் நன்றாக நடித்தன என்ற பொருள்பட எழுதினார். விமர்சனம் அவரைத் தளர்த்தவில்லை. 1953இல் எஸ். எஸ். வாசனின் 'ஔவையார்' வெளிவந்தபோது நாடே அவரைக் கொண்டாடியது. பின்னர் பூம்புகாரில் கவுந்தியடிகள், திருவிளையாடலில் மீண்டும் ஔவை, காரைக்கால் அம்மையார் என்று, துறவும் முதுமையும் கொண்ட பெண்களையே திரையின் நடுவில் நிறுத்தினார். சென்னை மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1966இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப் பேரறிஞர் பட்டமும், 'துணைவன்' படப் பாட்டுக்காக 1969ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1980இல் மறைந்தார்.

இந்த வாழ்வை இம்மலரில் எழுத எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. போரும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியும் எங்கள் கரையோரத்தில் எத்தனையோ பெண்களைத் தனியராக்கின. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் அவர்களுள் உண்டு. வைத்தியர்களாகிய நாங்கள் அவர்களைக் காண்பது தலையிடி, நெஞ்சுவலி, நித்திரையின்மை என்ற பெயர்களில். மருந்து எழுதுகிறோம். ஆயினும் கலியாண வீட்டில் பின்வரிசைக்குத் தாமாகவே ஒதுங்கும் நோவுக்கு எங்களிடம் மருந்தில்லை. கோயில் வீதியில் வெள்ளைச் சேலைக்காரியின் பாட்டை மங்கலமாகக் கேட்கும் நாம், அயல்வீட்டு வெள்ளைச் சேலைக்காரி விளக்கேற்ற வந்தால் முகம் சுளிப்பது என்ன நியாயம்?

ஆகவே பழைய மாணவிகள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு விழாவில் மங்கல விளக்கின் முதல் திரியை, கணவரை இழந்தபின் பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கிய எம் சகோதரி ஒருவர் ஏற்றட்டும். அவருக்கு அருகில் நாங்கள் எல்லோரும் நிற்போம்.