கப்பலில் பிறந்த கணக்கு



நான் திற்பரப்புக்காரன். கோதையாறு பாறையிலிருந்து அருவியாக விழுகிற இடம்தான் எங்க ஊரு. தண்ணியைக் கீழே இழுப்பது பூமியின் ஈர்ப்பு விசை. அதே விசை பாறையையும் இழுக்குது. ஆனா பாறை நசுங்கல. உள்ளே இருக்கிற அணுக்கள் எதிர்த்துத் தாங்குகின்றன. ஈர்ப்புக்கும் அழுத்தத்துக்கும் நடக்கிற இந்த இழுபறிதான் நட்சத்திரங்களின் தலையெழுத்தையும் தீர்மானிக்கிறது. தாங்கும் சக்திக்கு ஒரு எல்லை உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் நம்ம தமிழர் ஒருத்தர். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910 அக்டோபர் 19-இல் லாகூரில் பிறந்தார். அப்பா ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. சர் சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. குடும்பம் சென்னைக்கு வந்தபின் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அரசு உதவித்தொகை கிடைத்து, 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினார். வயசு 19. அம்மா அப்போ நோயில் கிடந்தார்கள். போய்ப் படி என்று தைரியம் சொல்லி அனுப்பியதும் அவங்கதான். மறு வருஷம் அம்மா இறந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அந்தக் கப்பல் பயணத்தில்தான் கணக்கு பிறந்தது. நட்சத்திரம் எரியும் வரைக்கும் வெப்பம் வெளியே தள்ளும், நம்ம பாய்லரில் நீராவி தள்ளுற மாதிரி. எரிபொருள் தீர்ந்தா ஈர்ப்பு ஜெயிக்கும். சூரியன் அளவு எடையுள்ளது பூமி அளவுக்குச் சுருங்கிவிடும். அதுக்குப் பேரு வெள்ளைக் குள்ளன். அங்கே தாங்குவது எலக்ட்ரான்கள். இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற விதியால் வருகிற அழுத்தம் அது. எவ்வளவு எடையானாலும் இந்த அழுத்தம் தாங்கிவிடும் என்று அன்றைக்குப் பலரும் நம்பினார்கள். சந்திரசேகர் இதோடு ஐன்ஸ்டீனின் சார்பியலையும் சேர்த்தார். எடை ஏற ஏற எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தை நெருங்கும். அப்புறம் அழுத்தம் தேவையான அளவுக்குக் கூடாது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குதான் எல்லை!

1935 ஜனவரி 11. லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் 24 வயசு சந்திரசேகர் இதைச் சொன்னார். அடுத்துப் பேசினார் எடிங்டன். அன்றைய வானியலில் பெரிய மேதை, இவரோடு அடிக்கடி பேசிப் பழகியவர். இயற்கை இப்படியெல்லாம் நடக்க விடாது என்று கேலியாகப் பேச, சபை சிரித்தது. கணக்கு சரிதான் என்று தனியே ஒப்புக்கொண்ட பெரியவர்கள்கூட மேடையில் வாய் திறக்கல. சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939-இல் முழுக் கணக்கையும் புத்தகமாக்கினார். பிறகு வேறு துறைக்குள் இறங்கிவிட்டார்.

எல்லையைத் தாண்டினா என்ன ஆகும்? எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அமுக்கப்பட்டு நியூட்ரான்கள் ஆகும். சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவில் ஒரு சூரியனுக்கு மேல் எடை. ஒரு ஸ்பூன் பல கோடி டன்! அதுதான் நியூட்ரான் நட்சத்திரம். 1967-இல் கேம்பிரிட்ஜ் மாணவி ஜோசலின் பெல், சுமார் 1.3 வினாடிக்கு ஒருமுறை வருகிற ரேடியோ துடிப்பைக் கண்டார். முட்டம் கலங்கரை விளக்கம் சுழன்று நம்ம கண்ணில் வெட்டுகிற மாதிரி, சுழலும் நியூட்ரான் நட்சத்திரம் அனுப்பும் கற்றை அது. அதைத்தான் பல்சார் என்கிறோம். நண்டு நெபுலாவில் உள்ள பல்சார் வினாடிக்கு சுமார் 30 தடவை சுற்றுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் சக்கரத்தை அளவுக்கு மீறிச் சுத்தினா சிதறும் அல்லவா? வெள்ளைக் குள்ளன் அந்த வேகத்தில் சிதறிப் போகும். அதைவிட நெருக்கமாக இறுகிய பொருள்தான் தாங்கும்.

1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு, வில்லியம் ஃபவுலரோடு சேர்த்து. அந்தச் சிரிப்புக்கும் பரிசுக்கும் நடுவில் 48 வருஷம். 1995 ஆகஸ்ட் 21-இல் சிகாகோவில் காலமானார். 1999-இல் விண்ணுக்குப் போன எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு சந்திரா என்று அவர் பேரை வைத்தார்கள்.

தோழர்களே, வைவாவிலோ வேலைக்குப் போகிற இடத்திலோ ஒரு பெரியவர் நம்ம கணக்கைப் பார்த்துச் சிரிக்கலாம். அப்போ திரும்ப ஒருதடவை போட்டுப் பாருங்க. சரியா இருந்தா எழுதி வச்சிட்டு அடுத்த வேலையைப் பாருங்க. சந்திரசேகர் செய்தது அவ்வளவுதான்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்